முப்பத்திரண்டு புள்ளி ஒன்று

அல் கோரில் ஆகஸ்ட்.
கடல் ஆவியாகி வந்து ஜன்னல் கண்ணாடியில் வழிகிறது.
சாலைக்கு அந்தப் பக்கம் ஆரஞ்சுச் சட்டைக்காரர்கள்
பத்து மணிக்கே சாரத்தை விட்டு இறங்கிவிட்டார்கள்.
சட்டம் அப்படி.
ஈரத்தையும் வெயிலையும் சேர்த்து அளக்கிற கருவி
முப்பத்திரண்டு புள்ளி ஒன்றைத் தாண்டினால்
எந்த நேரமானாலும்
கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடலாம்.

நான் இருபத்திரண்டு டிகிரியில்
கம்பளிச் சால்வை போர்த்திக்கொண்டு
ஏறக்குறைய ஒன்றே முக்கால் லட்சம் கோடி டிகிரியைக்
கணக்கிட்டுக்கொண்டிருக்கிறேன்.
(எங்கள் ஊரில் அந்த மாதிரி எண்
ஊழல் செய்தியில் மட்டும் வரும்.)

என் பிரபஞ்சம் ஒரு வலை.
அகலத்தில் முப்பத்திரண்டு கண்ணி,
நீளத்திலும் உயரத்திலும் அவ்வளவே.
காலத்தில் மட்டும் எட்டு.
எட்டாவதைத் தாண்டினால் மறுபடி முதலாவது.
அடுப்பு கிடையாது, நெருப்பு கிடையாது.
காலத்தைக் குட்டையாக நறுக்கினால் சூடு,
இன்னும் நறுக்கினால் இன்னும் சூடு,
நீளமாக விட்டால் ஆறிப்போகும்.
முதலில் படித்தபோது நம்பவில்லை.
என் ஒப்பந்தத்தை மூன்று மாதமாகச் சுருக்கிய அன்று
நம்பினேன்.

குளிரில் குவார்க் தனியாக வராது.
ஒன்றைப் பிடித்து இழுத்தால்
நடுவே கயிறு நீளும், நீளும், விறைக்கும்;
அறுந்த இடத்தில் புதிதாக ஒரு ஜோடி.
கையில் மிஞ்சுவது எப்போதும் ஒரு குடும்பம்.
சூட்டில்தான் கயிறு தளரும்.
எந்த டிகிரியில்?
அதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள்.
தண்ணீர் கொதிக்கிற மாதிரி அங்கே கோடு இல்லை.
மழுங்கிய மேடு ஒன்று,
அதன் மேலும் கீழும் பிழையின் மீசைகள்.
பருப்பு எந்த நொடியில் குழைந்ததென்று
கரண்டிக்குத் தெரியுமா?

அடர்த்தி கூடினால் மட்டும் கணக்கு ஓடாது.
கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று தின்றுவிடும்.
நெருக்கி அடைத்து வைத்ததைப் பற்றி
இந்த இயந்திரத்தால் எதுவும் சொல்ல முடியாது.

ஒன்று இருபதுக்கு அலாரம்.
கூரையில் மூன்றாம் பம்பு நின்றுவிட்டது.
இருபத்து நான்கு. இருபத்தாறு.
பிலவேந்திரன் ஸ்பேனரோடு ஏணியில் ஏறுவது
கேமராவில் தெரிந்தது, தலையில் ஈரத்துண்டு.
"அவசர வேலைக்கு விலக்கு உண்டு,"
கரக் டீயை ஊதியபடி சொன்னார் மேற்பார்வையாளர்.
கூரைக் கருவியில் முப்பத்து நான்கு.

அது கோடு.
மேடு இல்லை, மீசை இல்லை.
குளிர்ந்த அறையில் யாரோ உட்கார்ந்து கிழித்தது,
எத்தனை பேர் விழுந்த பிறகோ.
இருந்தாலும் கோடு.

ஐம்பது நாளாக ஓடுகிற கணக்கை
ஒரு வரி தட்டி நிறுத்தினேன்.
விசிறிகள் ஒவ்வொன்றாக இறங்கின.
போன பிறகுதான் தெரிந்தது
அதுவரை இருந்தது இரைச்சல் என்று.
"இறங்குங்க பிலவேந்திரன், அவசரம் முடிஞ்சுது."

இறங்கினார், கோபமாக.
"ரெண்டே போல்ட் மேடம்.
அதுக்குள்ள நிறுத்திட்டீங்க. இனி மறுபடி ஏறணும்."
கழுத்தில் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது.
ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைப் பல்லால் கிழித்தார்.
எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.
கடைசியாகச் சேமித்தது காலை ஏழுக்கு;
போனது ஆறரை மணி நேரம்.

"உள்ள எவ்ளோ சூடு வெச்சிருக்கீங்க?"
சொன்னேன்.
விரல் விட்டுச் சுழியங்களை எண்ணினார்,
இரண்டு கையும் போதவில்லை.
"அங்க பத்து மணிக்கு இறக்கி விடுவாங்களா?"

மூன்றரைக்கு வெயில் சட்டப்படி முடிந்தது.
கருவி ஒத்துக்கொள்ளவில்லை.
அவர் ஏணிப் பக்கம் போகவில்லை,
நானும் கேட்கவில்லை.
ஆறு மணி வாக்கில் முப்பத்திரண்டு.
ஏணிக் கம்பியைத் தொட்டார், கையை உதறினார்,
துண்டைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு
ஏறினார்.